எட்டு முறை அட்லாண்டிக் தாண்டியவர்: லஃபாயெத்தும் கடற்படை பலமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

1781 ஜூலை 31. பிரிட்டனை எதிர்த்து அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கிறது. வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த 23 வயதுப் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எதிரே இருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை கப்பல்களில் ஏறியிருந்தது. எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்துக்கு நடுவே அவர் எழுதியதன் சாரம் இதுதான்: இந்தச் சமயத்தில் ஒரு பிரெஞ்சுக் கடற்படை வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸ் துறைக்குள் வந்து நின்றால், பிரிட்டிஷ் படை நம் கையில் வந்துவிடும். சரியாக 80 நாள் கழித்து யார்க்டவுனில் அது நடந்தேறியது. (பின்னாளில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானிடம் பாதி ராஜ்ஜியத்தை எழுதி வாங்கிய அதே கார்ன்வாலிஸ்தான் இவர்.)

லஃபாயெத் கடலோரத்துப் பிள்ளை இல்லை. 1757-இல் பிரான்சின் உள்நாட்டு மலைப்பகுதியான ஓவெர்னில் பிறந்தவர். தந்தை 1759-இல் மின்டன் போர்க்களத்தில் இறந்தார். பழகியது குதிரையும் வாளும். அவருடைய வீரத்தையும், வாஷிங்டன் அவரை மகனைப் போல வைத்துக்கொண்டதையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வு வேறொன்றைப் பார்க்கிறது. தரைப்படைக்காரரான அவர் கடலில் தொடர்ந்து அடி வாங்கினார். கப்பலின் கணக்கை அந்த அடிகளிலிருந்தே படித்துக்கொண்டார். பிரெஞ்சு-அமெரிக்கக் கூட்டணியில் அவர் செய்த மிகப் பெரிய வேலை அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

சொந்தப் பணத்தில் ஒரு கப்பல்

1776 டிசம்பர் 7-ஆம் தேதி பாரிஸில் அமெரிக்கப் பிரதிநிதி சைலஸ் டீன் அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஏற்றிப்போகக் கப்பல் இல்லை. பிரிட்டனோடு அப்போது சமாதானத்தில் இருந்த பிரெஞ்சு அரசாலும் வெளிப்படையாக அனுப்ப முடியாது. அதனால் பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் ஆள் வைத்து ஒரு சிறு வணிகக் கப்பலை, ஏற்றிய சரக்கோடு சேர்த்து 1,12,000 லிவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கினார். ஒரு பகுதி ரொக்கம், மீதி தவணை. 'விக்துவார்' என்று பெயர் வைத்தார். வெற்றி என்று பொருள்.

கப்பல் 1777 மார்ச் 26-இல் போர்தோவிலிருந்து நழுவி, எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் பாசாஹெஸ் துறைமுகத்தில் ஒதுங்கியது. அரச உத்தரவு துரத்தி வந்ததால் லஃபாயெத் ஒருமுறை போர்தோ திரும்ப வேண்டியிருந்தது. பிறகு அஞ்சல் குதிரைக்காரன் வேடத்தில் எல்லை தாண்டி, ஏப்ரல் 20-இல் கடல் ஏறினார்.

நடுக்கடலில்தான் முதல் பாடம். கப்பலின் பத்திரங்கள் கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுக் காலனியான சான் தொமாங் போவதாக எழுதப்பட்டிருந்தன. பிரெஞ்சுக் கப்பல் பிரெஞ்சுக் காலனிக்குப் போனால் பிரிட்டிஷ்காரர்கள் தொட முடியாது. நேராக அமெரிக்கக் கரைக்குப் போய் மாட்டினால் கப்பலும் சரக்கும் பறிபோகும், ஆட்கள் ஹாலிஃபாக்ஸ் சிறைக்குப் போவார்கள். கேப்டன் லெ பூர்சியே தீவு வழியாகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதலாளி நான், தேவைப்பட்டால் உம்மை மாற்றிவிடுவேன் என்றார் லஃபாயெத். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: கேப்டனின் சொந்தச் சரக்கும் கப்பலில் இருந்தது, அவருடைய பயமெல்லாம் அதற்காகத்தான். அந்தச் சரக்கின் மதிப்புக்கு லஃபாயெத் தானே பொறுப்பேற்றதும் கப்பல் நேராக மேற்கே திரும்பியது. கப்பலில் அதிகாரம் ஒருவர் கையிலும், நஷ்டப் பயம் இன்னொருவர் மனதிலும் இருந்தால் உத்தரவு மட்டும் போதாது. பிற்பாடு பிரெஞ்சுத் தளபதிகளோடு பேசும்போதெல்லாம் அவருக்கு இந்த அனுபவம் கைகொடுத்திருக்க வேண்டும்.

தற்காப்புக்கு இருந்தவை இரண்டு மட்டமான பீரங்கிகளும் சில துப்பாக்கிகளும். எந்தச் சின்னக் கொள்ளைக் கப்பல் எதிர்ப்பட்டிருந்தாலும் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். எதுவும் எதிர்ப்படவில்லை. 54 நாள் குமட்டலோடு ஆங்கிலம் படித்தபடி கடந்து, ஜூன் 13 இரவு தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் அருகே படகில் கரையேறினார். வழி காட்டியவர்கள், கழிமுகத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த கறுப்பின அடிமைத் தொழிலாளர்கள். சார்ல்ஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள் காவல் நிற்கும் என்று பயந்து அவர் தரைவழியாகப் போனார். ஆனால் காற்று காவல் கப்பல்களைத் தள்ளிக்கொண்டு போயிருந்த இடைவெளியில் விக்துவார் எந்தத் தடையும் இல்லாமல் துறைமுகத்துக்குள் வந்து நின்றது. திரும்பிப் போகும்போது அதே துறைமுகத்தின் வாயில் இருந்த மணல் திட்டில் மோதி அழிந்தது. முற்றுகையைக் காற்று கலைத்துவிடும், எதிரி தொடாத கப்பலை மணல் விழுங்கிவிடும். பின்னால் பெரிய அளவில் வரப்போகும் இரண்டும் முதல் ஆண்டிலேயே சிறிய அளவில் வந்துபோயின.

அதே கோடையில் கடல் பலத்தின் மறுபக்கத்தையும் அவர் பார்த்தார். பிரிட்டிஷ் ஜெனரல் ஹோ நியூயார்க்கில் தன் படையை 260-க்கும் மேற்பட்ட கப்பல்களில் ஏற்றி ஜூலை 23-இல் புறப்பட்டார். வாஷிங்டனின் ஆட்கள் எங்கே இறங்குவார், எங்கே இறங்குவார் என்று வெயிலில் முன்னும் பின்னும் நடந்து தேய்ந்தார்கள். ஆகஸ்ட் 25-இல் செசபீக் வளைகுடாவின் தலைப்பகுதியில் ஹோ இறங்கினார். கப்பலின் வெக்கையில் அவருடைய குதிரைகளில் நிறையச் செத்துப்போயின. ஆனாலும் எங்கே சண்டை என்பதை முடிவு செய்தவர் அவரே. செப்டம்பர் 11-இல் பிராண்டிவைன் ஓடைக்கரையில் நடந்த அந்தச் சண்டையில்தான் லஃபாயெத்தின் காலில் குண்டு பாய்ந்தது.

போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு

அட்லாண்டிக்கின் நடு அகலாங்குகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. வளைகுடா நீரோட்டமும் அதே பக்கம் ஓடுகிறது. அதனால் ஐரோப்பாவுக்குத் திரும்புவது சுலபம், அமெரிக்காவுக்குப் போவது கஷ்டம். லஃபாயெத்தின் பயணங்களை எடுத்துப் பார்த்தாலே இது தெரிகிறது. போனவை: 1777-இல் 54 நாள், 1780-இல் ஏறக்குறைய 39 நாள். வந்தவை: 1779 ஜனவரி 11 முதல் பிப்ரவரி 6 வரை 26 நாள், 1781 டிசம்பர் 23 முதல் ஜனவரி 17 வரை 25 நாள்.

இதை ராணுவக் கண்ணால் பார்த்தால், பாஸ்டனில் இருந்து ஒன்றைக் கேட்டு, பாரிஸில் முடிவெடுத்து, பதில் திரும்பி வர எல்லாம் சுமுகமாக நடந்தாலும் மூன்று மாதம். கப்பல்களைத் தயார் செய்யும் காலம் இதில் சேராது. இன்று நடக்கும் போருக்கு இன்று கேட்டால் உதவி அடுத்த பருவத்துக்குத்தான் வரும். லஃபாயெத் ஏன் கடிதத்தை நம்பாமல் தானே கப்பல் ஏறினார் என்பதற்கு இதுவே காரணம். கடிதத்தில் பதிலுக்குப் பதில் கேள்வி வந்தால் இன்னொரு மூன்று மாதம் போய்விடும். ஆள் நேரில் நின்றால் ஒரே மாலையில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

1778: கப்பல் வந்தும் பலனில்லாத ஆண்டு

இந்த ஆய்வின் முக்கியமான பகுதி யார்க்டவுன் வெற்றியில் இல்லை என்பது நம் கருத்து. 1778-இன் தோல்விதான் அவரை உருவாக்கியது.

பிப்ரவரி 6-இல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது. ஏப்ரல் 13-இல் தூலோன் துறைமுகத்திலிருந்து அட்மிரல் தெஸ்தாங் 12 வரிசைப் போர்க்கப்பல்களோடு புறப்பட்டார். சண்டையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கத் தகுந்த பெரிய கப்பல்களுக்கு இந்தப் பெயர். அதில் ஒரு சாதாரண 74 பீரங்கிக் கப்பலின் கீழ்த்தளத்தில் மட்டும் 28 பீரங்கிகள், ஒவ்வொன்றும் 36 பவுண்டு குண்டை எறியும். தரையில் ஒரு படை இழுத்துப்போகும் களப் பீரங்கிகள் 4 முதல் 12 பவுண்டு வரைதான். ஒரே கப்பல், ஒரு முழுப் படையை விடக் கனமான பீரங்கி பலம்.

தெஸ்தாங் டெலவேர் முகத்துவாரத்தை அடைந்தது ஜூலை 8. பிலடெல்பியாவைக் காலி செய்த பிரிட்டிஷ் கப்பல்கள் பத்து நாள் முன்புதான் அங்கிருந்து வெளியேறியிருந்தன. ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்தில் பத்து நாள் மிச்சப்பட்டிருந்தால் போரின் போக்கே மாறியிருக்கும்.

துரத்திக்கொண்டு நியூயார்க் வந்தார். அங்கே சாண்டி ஹூக் முனைக்கு உள்ளே பலத்தில் குறைந்த பிரிட்டிஷ் கப்பல்கள் நின்றன. வாயிலில் மணல் திட்டு. திட்டின் மேல் 23 அடிக்கு மேல் ஆழம் கிடைக்காது என்றார்கள் வழிகாட்டி மாலுமிகள். தலைமைக் கப்பலான 'லாங்தொக்' போன்ற பெரியவற்றுக்கு அது போதாது. தெஸ்தாங் பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் யாரும் வழிகாட்ட முன்வரவில்லை. பத்துப் பதினோரு நாள் காத்திருந்துவிட்டு ஜூலை 22-இல் கிளம்பினார். எண்ணிக்கையிலும் பீரங்கியிலும் மிஞ்சிய கடற்படையைச் சில அடித் தண்ணீர் தடுத்துவிட்டது.

அடுத்த இலக்கு ரோட் தீவின் நியூபோர்ட். தரையில் அமெரிக்க ஜெனரல் சலிவனின் படை. அதில் ஒரு பிரிவு லஃபாயெத்தின் கையில். ஆகஸ்ட் 5-இல் ஒரு சிறு பிரெஞ்சுக் கப்பல் குழு வாய்க்காலுக்குள் நுழைந்தது; மாட்டிக்கொள்வதற்குப் பதில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ஃபிரிகேட்டுகளை (வரிசைப் போர்க்கப்பலைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்களை) தாங்களே கொளுத்திக்கொண்டார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் 'ஃபான்தாஸ்க்' கப்பலின் கேப்டன் சுஃப்ரன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நம் கரைக்கு வரப்போகிறவர்.

ஆகஸ்ட் 9-இல் பிரிட்டிஷ் கடற்படை தெற்கே தென்பட்டது. மறுநாள் வடக்குக் காற்று கிடைத்ததும் தெஸ்தாங், இறக்கிய வீரர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு சண்டைக்கு வெளியே போனார். இரண்டு நாள் சாதகமான இடத்துக்காக இரு தரப்பும் சுற்றிச் சுற்றி வந்தன. சண்டை தொடங்கும் முன் புயல் அடித்தது. லாங்தொக் பாய்மரங்கள் அத்தனையையும் இழந்தது, சுக்கானும் போயிற்று. சுக்கான் இல்லாத கப்பல் அகலவாக்கில் கிடந்து ஆடும். பீரங்கியை எதிரிப் பக்கம் திருப்பவே முடியாது. அந்த நிலையில் 50 பீரங்கி மட்டுமே உள்ள 'ரினவுன்' என்ற பிரிட்டிஷ் கப்பல் பின்பக்கம் வந்து சுட்டது. இருட்டிவிட்டதால்தான் தலைமைக் கப்பல் தப்பியது.

ஆகஸ்ட் 20-இல் நொண்டிக்கொண்டு திரும்பிய தெஸ்தாங், பாஸ்டனுக்குப் போய்ப் பழுதுபார்க்க வேண்டும் என்றார். பெரிய பாய்மரம் போட உயரமான மரமும் தூக்கும் கருவியும் வேலையாட்களும் உள்ள துறைமுகம் வேண்டும். நியூபோர்ட் எதிரி கையில். லஃபாயெத்தும் ஜெனரல் கிரீனும் கப்பலுக்குப் போய் இரண்டு நாள் மட்டும் இருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. கடற்படை போனதும் தரையில் இருந்த அமெரிக்கத் தற்காலிகப் படையினர் ஆயிரக்கணக்கில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். சலிவனும் மற்ற ஜெனரல்களும் பிரெஞ்சுக்காரர்களைக் கண்டித்து ஒரு கண்டன அறிக்கை எழுதினார்கள். லஃபாயெத் கையெழுத்துப் போட மறுத்தார். சண்டைக்கு அறைகூவல் விடும் அளவுக்குக் கோபம் அவருக்கு.

அப்புறம் அவர் செய்ததுதான் பெரிது. ஏறக்குறைய 70 மைல் குதிரையில் ஏழு மணி நேரத்தில் பாஸ்டன் போய், பழுதுபார்க்க மரமும் உணவும் கிடைக்க ஏற்பாடு பேசினார். அதனால் ஆகஸ்ட் 29-இல் ரோட் தீவில் நடந்த சண்டையைத் தவறவிட்டார். அந்த வயதில் அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்ததைவிட வேகமாகத் திரும்பி, தீவிலிருந்து படை பின்வாங்கும்போது கடைசிக் காவல் வரிசையை ஒரு ஆள் விடாமல் கொண்டுவந்து சேர்த்தார். ஆகஸ்ட் 30 இரவு பின்வாங்கல் முடிந்தது. செப்டம்பர் 1-இல் பிரிட்டிஷ் ஜெனரல் கிளின்டன் 4,000 பேரோடு கடல் வழியே வந்து சேர்ந்தார். ஒரு நாள் தாமதித்திருந்தால் முழுப் படையும் தீவில் மாட்டியிருக்கும்.

பாஸ்டனிலும் நிலைமை நன்றாக இல்லை. ஊரில் ரொட்டிப் பஞ்சம். பிரெஞ்சுக் கப்பல்களுக்காகக் கரையில் ரொட்டி சுட்ட இடத்தில் கைகலப்பு நடந்து ஒரு பிரெஞ்சு அதிகாரி உயிரிழந்தார். கடற்படை என்பது பீரங்கி மட்டும் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கான வாய்களுக்குச் சோறு. அதை எந்தத் துறைமுகம் போடும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், நட்பு நாட்டுக் கரையிலேயே ரத்தம் சிந்தும்.

கேட்கப் போனது, கொண்டுவந்தது

1779 ஜனவரியில் 36 பீரங்கிகள் கொண்ட அமெரிக்க ஃபிரிகேட் 'அலையன்ஸ்' அவரை ஏற்றிக்கொண்டு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. மாலுமிகள் போதவில்லை. ஊராரை வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றலாம் என்றபோது லஃபாயெத் வேண்டாம் என்றார். அதனால் பிரிட்டிஷ் கைதிகளையும் ஓடிவந்தவர்களையும் வைத்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். விளைவு: நியூஃபவுண்ட்லாந்து பக்கம் புயல், பிரான்சை நெருங்கும்போது கப்பலைக் கைப்பற்ற அந்த மாலுமிகளின் சதி. குறித்த நேரத்துக்குச் சற்று முன் தகவல் கசிந்ததால் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் விலங்கிடப்பட்டார்கள்.

அந்த ஆண்டு பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து 60-க்கும் அதிகமான வரிசைப் போர்க்கப்பல்களோடு இங்கிலாந்துமீது படையெடுக்கத் திட்டமிட்டன. லஃபாயெத் தரைப்படையோடு ல ஹாவ்ரில் காத்திருந்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் ஜூன் தொடக்கத்தில் கிளம்பி, ஸ்பானியர்களுக்காக ஜூலை பின்பகுதிவரை கடலிலேயே நின்றன. உணவும் தண்ணீரும் தீர்ந்தன, கப்பல்களில் கொள்ளைநோய் பரவியது. கரையைத் தொடாமலே எல்லாம் கலைந்தது.

இந்த அனுபவத்தோடுதான் அவர் பிரெஞ்சு அரசவை இருந்த வெர்சாயில் வாதாடினார். பிரெஞ்சு அரசு முடிவெடுத்தது: ரோஷம்போ தலைமையில் தரைப்படை, தெர்னே தலைமையில் கடற்படை, ரோஷம்போ வாஷிங்டனின் ஆணைக்குக் கட்டுப்படுவார். இந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு 1780 மார்ச்சில் ரோஷ்ஃபோர் அருகே 'எர்மியோன்' ஃபிரிகேட்டில் ஏறினார். 12 பவுண்டு பீரங்கிகள் 26, சிறியவை சில, நீளம் 44 மீட்டர், கேப்டன் லத்தூஷ்-த்ரெவீல். முதல் தடவை கிளம்பியபோது பிஸ்கே விரிகுடாவில் பெரிய பருமல், அதாவது பாய் தொங்கும் குறுக்குமரம், முறிந்தது. திரும்பி வந்து புதுமரம் போட்டு மார்ச் 20-இல் மறுபடி கிளம்பினார்கள். ஏப்ரல் 28-இல் பாஸ்டன்.

தெர்னே ஜூலை 11-இல் நியூபோர்ட் வந்தார்: 7 வரிசைப் போர்க்கப்பல்கள், ஏறக்குறைய 5,500 வீரர்கள், நூற்றுக்கணக்கில் ஸ்கர்வி நோயாளிகள். இரண்டாம் அணியை பிரெஸ்ட் துறைமுகத்திலேயே பிரிட்டிஷ்காரர்கள் அடைத்துவைத்தார்கள். நியூயார்க் பக்கம் பிரிட்டிஷ் கப்பல்கள் எண்ணிக்கையில் கூடிவிட்டன.

ஜூலை 15-இல் வாஷிங்டன் எழுதிய ஒரு குறிப்பை லஃபாயெத் பிரெஞ்சுத் தளபதிகளிடம் கொண்டுபோனார். எந்த நடவடிக்கையாக இருந்தாலும் தீர்மானமான கடற்படை மேலாண்மையே அடிப்படை, வெற்றியின் நம்பிக்கை எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது என்பது அதன் உள்ளடக்கம். ஆனால் அதைக் கொண்டுபோன இளைஞருக்கே பொறுமை இல்லை. நியூயார்க்கை உடனே தாக்கலாம் என்று ரோஷம்போவை விடாமல் நெருக்கினார். கடலில் கை ஓங்காமல் என் ஆட்களைச் சாகவிட மாட்டேன் என்ற பொருளில், தந்தை மகனுக்கு எழுதுவதுபோல் ரோஷம்போ பதில் எழுதினார். லஃபாயெத் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்தில்தான் அவர் மாறினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

செம்புத் தகடு

1781 பிப்ரவரியில், துரோகம் செய்து பிரிட்டிஷ் பக்கம் போன ஆர்னல்டைப் பிடிக்க 1,200 பேரோடு வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்டார். தரையில் அவர், கடலில் நியூபோர்ட்டிலிருந்து, தெர்னேவுக்குப் பின் பிரெஞ்சுக் கடற்படையை நடத்திய தெத்தூஷின் கப்பல்கள். இரண்டும் சேர்ந்தால் ஆர்னல்ட் காலி. தெத்தூஷ் மார்ச் 8-இல் கிளம்பினார். பிரிட்டிஷ் அட்மிரல் ஆர்பத்நாட் ஏறக்குறைய ஒன்றரை நாள் பிந்தித்தான் கிளம்பினார். ஆனால் முந்திக்கொண்டார்.

காரணம் கப்பலின் அடிப்புறம். மரத்தை நீரில் விட்டால் கொட்டலசு ஒட்டும், பாசி வளரும், துளைக்கும் புழு உள்ளே போகும். சில மாதத்தில் வேகம் பாதியாகிவிட்டதுபோல் கப்பல் கனக்கும். பிரிட்டன் 1779 முதல் தன் கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்து வந்தது. செம்பின்மேல் எதுவும் நிலைத்து ஒட்டாது. இதிலும் ஒரு கேடு உண்டு: உப்புநீரில் செம்பும் இரும்பும் பக்கத்தில் இருந்தால் இரும்பு ஆணிகள் அரித்துப்போகும், வெளியே பளபளக்கும் கப்பல் உள்ளே ஆணி இல்லாமல் நிற்கும். ஆனால் 1781-இல் அந்த விலையை இன்னும் கொடுக்க வேண்டி வரவில்லை. ஆர்பத்நாட்டின் கப்பல்கள் செம்பு அடித்தவை. தெத்தூஷுடையவற்றில் பல வெறும் மரம்.

மார்ச் 16-இல் கேப் ஹென்றி அருகே எட்டுக்கு எட்டு சண்டை. எர்மியோனும் அங்கே இருந்தது. தெத்தூஷ் மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை நன்றாக நொறுக்கினார். பிறகு நியூபோர்ட் திரும்பிவிட்டார். அடி வாங்கிய ஆர்பத்நாட் வளைகுடாவுக்குள் போய் உட்கார்ந்தார். சண்டையில் யார் அதிகம் அடித்தார்கள் என்பதைவிட, மாலையில் வாயிலில் யார் நங்கூரம் போட்டு நிற்கிறார்கள் என்பதே தரைப்படைக்கு முக்கியம். கரையில் காத்திருந்த லஃபாயெத் முதலில் தென்பட்ட பாய்களைப் பிரெஞ்சுக் கப்பல்கள் என்றே நம்பினார்.

வர்ஜீனியாவின் ஆறுகள்

ஏப்ரலில் மறுபடி தெற்கே போனார். ஆட்கள் சட்டைகூட இல்லாமல் ஓடிப்போகத் தொடங்கியிருந்தார்கள். பால்டிமோர் வணிகர்களிடம் தன் சொந்தப் பொறுப்பில் 2,000 பவுண்டு கடன் வாங்கித் துணி எடுத்தார். மே 20-இல் கார்ன்வாலிஸ் வந்து சேர்ந்ததும் எதிரே ஏறக்குறைய 7,000 பேர்.

ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொடோமாக் நான்கும் செசபீக் வளைகுடாவில் விழுகின்றன; கீழ்ப்பகுதியில் பெரிய கப்பலே உள்ளே வரும் அளவு ஆழம். படகு வைத்திருப்பவன் ஒரே இரவில் ஆற்றின் வழியே பின்னால் வந்து இறங்கலாம்; படகு இல்லாதவன் துறை தேடி மைல் கணக்கில் நடக்க வேண்டும். லஃபாயெத் இதைப் புரிந்துகொண்டு, ஆறுகளை நடந்து கடக்கக்கூடிய மேல்பகுதிகளுக்கு விலகினார். ஜூன் 10-இல் அமெரிக்க ஜெனரல் வெய்ன் வந்து சேரும்வரை சண்டைக்கு மாட்டவே இல்லை. கார்ன்வாலிஸ் கடற்கரைக்குத் திரும்பியபோது ஒரு நாள் நடை தூரத்தில் பின்தொடர்ந்தார்.

கிளின்டனின் உத்தரவு கார்ன்வாலிஸின் கழுத்துக்கு வந்தது: வரிசைப் போர்க்கப்பல்கள் தங்க ஆழமான துறை ஒன்றைப் பிடித்து அரண் கட்டு. முதலில் பார்த்த ஓல்ட் பாயின்ட் கம்ஃபர்ட்டில் வாய்க்கால் மிக அகலம். கரைப் பீரங்கியால் எதிரிக் கப்பலைத் தடுக்க முடியாது என்றார்கள் பொறியாளர்கள். மிஞ்சியது யார்க்டவுன். எதிர்க்கரை ஒரு மைலுக்கும் குறைவு, ஆழம் நிறைய. கப்பல் தன்னுடையதாக இருக்கும்வரை அதைவிட நல்ல இடம் இல்லை. முகாமுக்குள் ஜேம்ஸ் என்ற கறுப்பின அடிமை ஒருவர், பிரிட்டிஷ்காரர்களுக்கு வேலை செய்வதுபோல் நின்று லஃபாயெத்துக்குத் தகவல் அனுப்பினார். 1787-இல் விடுதலை பெற்றதும் அவர் லஃபாயெத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

ஐம்பது நாள்

ஆகஸ்ட் 30-இல் பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸ் 28 வரிசைப் போர்க்கப்பல்களோடு செசபீக் வாயிலில் நங்கூரம் போட்டார். 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களும், ஹவானாவில் திரட்டிய 12 லட்சம் லிவர் பணமும் அவரோடு. வீரர்கள் ஜேம்ஸ்டவுனில் இறங்கி லஃபாயெத்தோடு சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு சோதனை. தெ கிராஸும் வந்திறங்கிய படைத்தலைவரும், வாஷிங்டனுக்காகக் காத்திருக்காமல் இப்போதே தாக்குங்கள் என்றார்கள். ஆள் பலம் இருந்தது. வெற்றி கிடைத்தால் முழுப் புகழும் 23 வயதுக்காரருக்கு. காய்ச்சலில் கிடந்த லஃபாயெத் மறுத்தார். வாசல் மூடியிருக்கும்போது அவசரப்பட்டு ஆட்களைப் பலி கொடுக்க அவருக்கு மனமில்லை. ஓராண்டு முன் ரோஷம்போ அவருக்குச் சொன்ன அதே பாடம், இப்போது அவர் வாயிலிருந்து.

செப்டம்பர் 5 காலை 19 பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தன. ஏறக்குறைய 1,900 பிரெஞ்சு மாலுமிகள் படகுகளோடு கரையில். நண்பகலில் கடல் வற்றும் நேரத்தில் தெ கிராஸின் 24 கப்பல்கள் நங்கூரக் கயிறுகளை மிதவை கட்டி விட்டுவிட்டு வெளியேறின. வரிசை ஒழுங்காக அமைய மணிக்கணக்கானது. அந்த நேரத்தில் பிரிட்டிஷ் அட்மிரல் கிரேவ்ஸ் பாய்ந்திருந்தால் தனித்தனியாக நொறுக்கியிருக்கலாம். அவர் வரிசையை நேர்செய்தார். நான்கு மணிக்குப் பிறகே சண்டை. வரிசை கலையாமல் இரு என்ற கொடியும், நெருங்கித் தாக்கு என்ற கொடியும் ஒரே நேரத்தில் பறந்தன. பின்வரிசையில் இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் ஹூட் முதல் கொடிக்கே கட்டுப்பட்டு நின்றுவிட்டார். சூரியன் மறைந்தபோது எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனால் பிரிட்டிஷ் பாய்மரங்கள் சேதப்பட்டிருந்தன, 'டெரிபிள்' ஒழுகி, பிறகு கொளுத்தப்பட்டது. தெ கிராஸ் சில நாள் எதிரியைத் தெற்கே இழுத்துப்போக, இன்னொரு பிரெஞ்சு அட்மிரல் பராஸ் 8 கப்பல்களில் முற்றுகைப் பீரங்கிகளோடு நியூபோர்ட்டிலிருந்து வந்து செப்டம்பர் 10-இல் உள்ளே நுழைந்துவிட்டார். அந்தக் கனரகப் பீரங்கிகள் இல்லாமல் யார்க்டவுனின் மண் அரணை உடைத்திருக்க முடியாது. தரைவழியே இழுத்து வந்திருந்தால் பருவம் முடிந்திருக்கும்.

செப்டம்பர் 23 வாக்கில், பிரிட்டிஷ் கப்பல்கள் கூடுதலாக வந்துவிட்டன என்ற செய்தி கேட்டுத் தெ கிராஸ் திறந்த கடலுக்குப் போகிறேன் என்றார். நியூபோர்ட்டில் தெஸ்தாங் செய்தது மறுபடி நடக்கப் போகிறது என்று வாஷிங்டன் பதறினார். கடிதம் கொடுத்துத் தலைமைக் கப்பலுக்கு அவர் அனுப்பிய ஆள், 1778-இல் அதே வேண்டுகோளோடு போய்த் தோற்றுத் திரும்பிய லஃபாயெத். இந்த முறை கப்பல்கள் நின்றன.

அக்டோபர் 14 இரவு யார்க்டவுனில் பிரிட்டிஷ்காரர்களின் பத்தாம் எண் அரணை அவருடைய பிரிவு பிடித்தது. 16 இரவு கார்ன்வாலிஸ் படகுகளில் எதிர்க்கரைக்குத் தப்பப் பார்த்தார். திடீர்க் காற்றுமழை படகுகளைச் சிதறடித்தது. 19-இல் சரணடைந்தார். அதே நாளில்தான் மீட்புப் படையோடு கிரேவ்ஸ் நியூயார்க்கை விட்டுக் கிளம்பினார்.

கடலூர் வரை நீண்ட அதே போர்

1781 மார்ச் 22-இல் தெ கிராஸ் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டு வெளியேறியபோது, கூடவே ஐந்து வரிசைப் போர்க்கப்பல்களோடு இன்னொருவரும் வெளியேறினார். நியூபோர்ட் வாய்க்காலுக்குள் நுழைந்த சுஃப்ரன். ஒரு வாரத்தில் பிரிந்து ஒருவர் மேற்கே, ஒருவர் தெற்கே. சுஃப்ரன் ஹைதர் அலிக்குத் துணையாகச் சோழமண்டலக் கரைக்கு வந்தார்: 1782-இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று அடுத்தடுத்துச் சண்டைகள். அந்த ஏப்ரல் 12-ஆம் தேதி கரீபியக் கடலில் தெ கிராஸ் தோற்றுச் சிறைப்பட்டார். அதே நாளில் இலங்கையின் கிழக்குக் கரையோரம் சுஃப்ரன் மோதிக்கொண்டிருந்தார்.

லஃபாயெத் 1782 டிசம்பரில் கடிஸ் துறைமுகத்தில், ஜமைக்கா நோக்கி மாபெரும் படையெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். 1783 ஜனவரி 20-இல் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அவர் அங்கிருந்து 'திரியோம்ஃப்' என்ற வேகமான கப்பலை அனுப்பி வைக்க, அது மார்ச் பின்பகுதியில் பிலடெல்பியாவுக்குச் சமாதானச் செய்தியைக் கொண்டுசேர்த்தது. நம் கரைக்கு அந்தச் செய்தி வர இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஜூன் 20-இல் கடலூருக்கு வெளியே சுஃப்ரனின் 15 கப்பல்கள், கோட்டைக் காவலிலிருந்து சிப்பாய்கள் உட்பட 1,200 பேரைப் பீரங்கிக்கு ஏற்றிக்கொண்டு, 18 பிரிட்டிஷ் கப்பல்களோடு மோதின. சமாதானம் ஆகி ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று ஜூன் 29-இல் வெள்ளைக் கொடியோடு வந்த 'மெடியா' கப்பல் சொன்னது. அந்த ஐந்து மாதத்தில் கடலூரில் செத்தவர்களுக்கு எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

கடைசிப் பயணம்

1784-இல் ஒருமுறை போய்வந்த பிறகு, நாற்பது ஆண்டு கழித்து 1824-இல் 'காட்மஸ்' என்ற வணிகக் கப்பலில் மறுபடி அமெரிக்கா போனார். ஜூலை 13-இல் ல ஹாவ்ர், ஆகஸ்ட் 15-இல் நியூயார்க். 13 மாதச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பும்போது அமெரிக்க அரசு தன் புத்தம் புதிய 44 பீரங்கி ஃபிரிகேட்டைக் கொடுத்தது. அவர் காயம்பட்ட ஓடையின் நினைவாக அதற்கு 'பிராண்டிவைன்' என்று பெயர். 1825 செப்டம்பரில் செசபீக் வாயிலைத் தாண்டியதும் கப்பல் ஒழுகத் தொடங்கியது. பலகை இடுக்குகளில் அடித்திருந்த கலப்பத்து சரியாகப் பிடிக்கவில்லை. திரும்பிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கப்பலை லேசாக்க இரும்புக் குண்டுகளைக் கடலில் கொட்டினார்கள், தண்ணீர் இறைத்தார்கள், பலகைகள் ஊறி உப்பியதும் ஒழுக்கு குறைந்தது. 68 வயதுப் பயணி வழக்கம்போலக் குமட்டலோடு படுத்திருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் ல ஹாவ்ரில் கரையேறினார்.